பெருநாள் பாரத்தில் அளந்த டவர்

இது நடந்தது போன வருடம். ஹஜ்ஜுப் பெருநாளில் தொடங்கி, வாடைக்காற்று பிறந்து முதல் மழை கொட்டிய நாளில் முடிந்தது. இடம், கிண்ணியாவில் எங்கள் வீட்டுப் பின்பக்கம். கடலில் கவிழ்ந்து பிழைத்த கதை என்று நினைத்து வாசிக்காதீர்கள். ஒரு குடும்பம் ஒரு போட்டுக்குள் ஏறி உட்கார்ந்த கதை, அவ்வளவுதான். ஆனால் அப்படி உட்காருவதற்கு நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே!

முதலில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்ததும் ஆண்பிள்ளைகள் மனைவி வீட்டுக்குப் போய்விடுவார்கள். மகள்தான் உம்மாவோடு பிறந்த வீட்டில் இருப்பாள். அப்படித்தான் வாப்பாவின் வீடு எனக்கு வந்தது. மூத்தவரான நானா இரண்டு தெரு தள்ளி அவர் மனைவி, எங்கள் மச்சியின் வீட்டில் இருக்கிறார். தம்பி ஊரின் மற்றக் கரையில், அவன் மனைவி வீட்டில். வாப்பா விட்டுப்போன பைபர் போட் மட்டும் எங்கள் மூன்று பேருக்கும் பொது. "போட்ட வெட்டிப் பிரிக்க ஏலாது. மூணு பேருல ரெண்டு பேர் ஓம் எண்டாத்தான் அதுல ஒரு ஆணியும் அடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் வாப்பா கண்ணை மூடினார்.

அந்தப் போட் நிற்கும் இடம் எங்கள் வீட்டுப் பின்படி. கடல் தண்ணீர் தேங்கும் களப்பில் இருந்து ஒரு சின்ன ஓடை பாலத்துக்குக் கீழே நுழைந்து எங்கள் வளவு ஓரமாக வருகிறது. காற்று மழைக்கு அதைவிடப் பத்திரமான இடம் இல்லை. விடிய நானா போட்டை எடுத்துக்கொண்டு மீனுக்குப் போவார். பின்னேரம் அவர் திரும்பி வரும்போது தம்பியும் வந்து எஞ்சினைப் பார்ப்பான், கழுவுவான். வந்தால் உம்மாவின் பிளேன்டீ குடிக்காமல் போக ஏலாது. இரண்டு மகன்மாரும் தினமும் உம்மாவைப் பார்க்க வருகிறார்கள் என்று ஊருக்குள் எங்களுக்கு நல்ல பெயர். உண்மையில் அவர்கள் பார்க்க வந்தது போட்டை. உம்மா இடையில் நின்றார், அவ்வளவுதான். எனக்கு அதில் குறை இல்லை. எதற்காக வந்தால் என்ன, வந்தார்கள்.

தம்பி கட்டாரில் ஒரு ஹோட்டல் கடற்கரையில் விளையாட்டுப் போட்டுகளைக் கழுவித் துடைக்கும் வேலை பார்த்தவன். லீவில் வந்தவன், திரும்பிப் போவதா நிற்பதா என்று தலையைச் சொறிந்துகொண்டு இருந்தான். அந்தத் தலைக்குள்தான் டவர் முளைத்தது.

டவர் என்றால் பெரிய கோபுரம் ஒன்றும் இல்லை. போட்டின் நடுவில், இரண்டு பக்க விளிம்பிலும் காலூன்றித் தலைக்கு மேலே வளைந்து நிற்கும் குழாய். அதன் உச்சியில் நீளக் கயிறு ஒன்றைக் கட்டுவார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலில் ஒரு பலகையை மாட்டிய ஆள் போட்டுக்குப் பின்னால் தண்ணீரில் நிற்பார். போட் இழுத்துக்கொண்டு ஓடும். கயிறு உயரத்தில் இருந்தால்தான் அவர் அலையில் ஏறித் துள்ளிக் குதிக்கலாமாம். உப்புவெளிப் பக்கம் வரும் வெளிநாட்டுக்காரர்கள் அதற்கு வரிசையில் நிற்பார்கள் என்பது தம்பியின் கணக்கு.

இதை அவன் எங்கே வைத்துச் சொன்னான் தெரியுமா? பெருநாளுக்கு அடுத்த நாள், குடும்பமாகப் போட்டில் ஏறிக் கொட்டியாரக் குடாவின் ஒரு மணல் கரைக்குச் சாப்பாட்டோடு போயிருந்தோம். வருடா வருடம் போவதுதான். உம்மா, நாங்கள் மூன்று சோடி, பிள்ளைகள், புரியாணித் தேக்சா, தண்ணீர்க் கேன்கள் என்று போட் தண்ணீரில் அமுங்கித்தான் போகும். கரையில் பாய் விரித்து சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்தார்கள். நானா முதல் பிடியை வாயில் வைக்கும் நேரம் பார்த்துத் தம்பி டவர் கதையை எடுத்தான்.

நானா மென்று விழுங்கும் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கயித்துல கட்டி இழுக்கிறதுக்கு அவன் ஆளா, சூரை மீனா?" என்று கேட்டார்.

"நானா, இது விளையாட்டு."

"ஓம், எனக்கு விளங்குது. வாப்பாட போட்ட வைச்சு விளையாடப் போறாய். வலை போய் அந்தக் கம்பியில சிக்கினா நீயா கழட்டுவாய்? காகம் வந்து இருந்து போட் முழுக்கப் பேண்டா நீயா கழுவுவாய்?"

"நான்தானே இப்பவும் கழுவுறன்" என்றான் தம்பி.

அது உண்மை. உண்மை என்பதால்தான் நானாவுக்குக் கோபம் வந்தது. சஹனில் இருந்து பாதியில் கையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். ஒரே சஹனில் சாப்பிடும்போது மற்றவர்கள் முடிக்குமுன் எழும்புவது எங்களுக்குள் சின்ன விஷயம் இல்லை. உம்மாவின் முகம் சுண்டிப் போனது. என் வீட்டுக்காரர் மட்டும் எதுவும் நடக்காதது போல நானா பக்கத்து இறைச்சித் துண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருடைய கொள்கை அது. "போட் உங்கட குடும்பத்துது, நான் மருமகன், நான் கதைச்சாப் பிழை" என்பார். சாப்பிட்டால் பிழை இல்லை.

திரும்பி வரும்போது பாலத்துக்குக் கீழே போட்டை மெதுவாக்கிய தம்பி, வள்ளம் தள்ளுகிற நீளக் கம்பை எடுத்து நிமிர்த்திப் பிடித்தான். கம்பின் அடி போட்டின் விளிம்பில், நுனி பாலத்தின் அடியில். கத்தியால் ஓர் அடையாளம் கீறிக்கொண்டான். டவர் இந்த அடையாளத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றால் போட் லேசாக வீட்டுக்கு வந்துவிடும் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். நானா கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நாங்கள் எல்லோரும் அங்கேயேதான் இருந்தோம். ஒருவருக்கும் அதில் இருந்த பிழை கண்ணில் படவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வந்தது ராச வாழ்க்கை. நானா வேண்டாம் என்கிறார், தம்பி வேண்டும் என்கிறான். மூன்றாவது வாக்கு என்னுடையது. நானா பின்படியில் இறங்கும்போதெல்லாம் கையில் பாரை மீன் இருக்கும். விளைமீன் இருக்கும். "தங்கச்சி, இது குழம்புக்கு நல்லம். அந்தக் கம்பி மட்டும் ஏறினா இப்படி மீன் புடிக்க ஏலாது, தெரியுமா" என்பார். அவர் போனதும் தம்பி வருவான். கட்டாரில் இருந்து கொண்டுவந்த பெட்டியில் மிச்சம் இருந்த சாக்லேட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். கூடவே கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ. அதில் யாரோ ஒருவன் பலகையோடு ஆகாயத்தில் கரணம் அடிப்பான். "பாருங்க ராத்தா, பாருங்க" என்பான். நான் பார்த்தேன். சாக்லேட்டையும் சாப்பிட்டேன்.

"அவசரப்பட்டு முடிவு சொல்லிடாத" என்று என் வீட்டுக்காரர் ஆலோசனை சொன்னார். மருமகன் கதைக்கக் கூடாது என்ற கொள்கையை அவர் மீறியது அந்த ஒரு தடவைதான். மீன் நின்றுவிடுமே என்ற பயம்.

ஆனால் ஒரு நாள் தம்பி சாக்லேட் இல்லாமல் வந்தான். குசினி வாசலில் நின்றுகொண்டு, "டவர் இல்லாட்டி நான் திரும்பிப் போறன் ராத்தா. இங்க நிண்டு என்ன செய்ய? நானாட போட்டக் கழுவிக்கொண்டா?" என்று கேட்டான். மீன் வெட்டிக்கொண்டு இருந்த உம்மாவின் கை நின்றுவிட்டது. பிறகு மறுபடியும் வெட்டத் தொடங்கினார். அந்த மீன் அன்றைக்கு ஒரு சீராக வெட்டுப்படவில்லை.

அன்று முழுக்க யோசித்தேன். மறுநாள் நானாவே அடுத்த பக்கத்தையும் அடைத்துவிட்டார். நான் யோசிக்கிறேன் என்று யாரோ போய்ச் சொல்ல, வாசலுக்கு வந்து நின்று, "அந்தக் கம்பி ஏறின நாளையில இருந்து நான் அந்தப் போட்டுல கால் வைக்க மாட்டன், வல்லாஹி" என்று சத்தியம் பண்ணிவிட்டார். அல்லாஹ்வின் பெயரில் சத்தியம். அதை முறித்தால் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், வசதி இல்லாவிட்டால் மூன்று நோன்பு பிடிக்க வேண்டும். நானாவுக்குப் பசி தாங்காது என்பது ஊருக்கே தெரியும். ஆக, ஓம் என்றால் நானா இல்லை, இல்லை என்றால் தம்பி இல்லை. வாப்பா எனக்கு வீட்டைத் தந்தபோது இந்த வேலையையும் சேர்த்துத் தந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

கடைசியில் ஓம் என்றேன். என் நியாயம் இதுதான்: நானாவின் கோபம் இரண்டு தெருவுக்கு அப்பால் இருக்கிறது, ஒரு நல்ல குழம்பு வைத்தால் தானாக நடந்து வரும். விமானத்தில் ஏறிப் போனவனைக் குழம்பு வாசனை கூப்பிடுமா?

பாலத்துக்கு வெளியே, இறங்குதுறைப் பக்கம் உள்ள வெல்டிங் கடையில் டவர் ஏறியது. மடிக்கிற மாதிரிக் கீல் வைக்கலாமா என்று கடைக்காரர் கேட்டாராம். கீல் வைத்தால் ஆடும் என்று தம்பி மறுத்துவிட்டான். அதோடு விடவில்லை. டவரின் கால்களைப் போல்ட் போட்டு முறுக்கி, அதற்கு மேலே பைபர் பசையும் பூசி மூடிவிட்டான். எதற்காம்? நானா இரவோடு இரவாக வந்து கழற்றிவிடுவார் என்ற பயம். கட்டிய பிறகு அவனாலேயே கழற்ற ஏலாத மாதிரிக் கட்டிவிட்டுப் பெருமையோடு போட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டான்.

உம்மாவும் நானும் பின்படியில் பார்த்துக்கொண்டு நின்றோம். எஞ்சின் சத்தம் கேட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளிக் குழாய் மினுங்கியது. நான் கையைக்கூட அசைத்தேன். அடுத்தது "டங்" என்று ஒரு சத்தம். பள்ளிவாசல் வரை கேட்டிருக்கும்.

தம்பி பின்னால் எடுத்தான். மெதுவாக வந்தான். டங். போட்டை ஒரு பக்கம் சரித்துப் பார்த்தான். டங். குழாயின் உச்சி பாலத்தின் அடியில் நாலு விரலளவு மோதியது. பாலத்தின் மேலே சனம் கூடிவிட்டது. ஒருவர், "தம்பி, வேகமா வாங்க, போயிடும்" என்று ஊக்கம் கொடுத்தார். நல்ல காலம், தம்பி கேட்கவில்லை.

"நான் அளந்தனான்! எல்லாருக்கும் முன்னால அளந்தனான்!" என்று கத்தினான். கம்பைக் கொண்டுவந்து காட்டினான், கீறல் அதே இடத்தில்தான் இருந்தது. பாலம் இறங்கிவிட்டதோ என்றுகூட ஒருவர் கேட்டார். செய்தி இரண்டு தெரு தாண்டி நானாவிடம் போய்ச் சேர, பதிலும் உடனே திரும்பி வந்தது: "பாலத்த உயர்த்தித் தரச் சொல்லிப் பிரதேச சபைக்கு எழுதச் சொல்லுங்க."

போட் பாலத்துக்கு வெளியே ஒரு மரக்குற்றியில் கட்டுண்டு நின்றது. நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகுதான் நடந்தது. போட் வெளியே நின்றதால் தம்பி அங்கிருந்தே ஏறி அங்கிருந்தே இறங்கி, மறுகரையில் தன் வீட்டுக்குப் போய்விட்டான். நானா சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு கூட்டாளியின் போட்டில் மீனுக்குப் போனார். இரண்டு பேருக்கும் எங்கள் பின்படியில் வேலை இல்லாமல் போனது. குழம்பு வைத்துப் பார்த்தேன். நானா வரவில்லை. குழம்பின் சக்தியை நான் கூடுதலாக மதிப்பிட்டுவிட்டேன்.

உம்மா வழக்கம்போல பின்னேரத்தில் தேத்தண்ணியை ஊற்றிப் பிளாஸ்க்கில் வைப்பார். ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு அதைத் திறந்து பூஞ்செடிக்கு ஊற்றிக்கொண்டு இருந்ததைக் கண்டேன். "சூடு ஆறிட்டுது மகள்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருவனைப் பிடித்து வைக்க ஓம் என்றேன், இரண்டு பேரும் போய்விட்டார்கள். டவரையும் சேர்த்து அன்றைக்கு நான் திட்டிய திட்டு அந்தக் குழாய்க்குக் காது இருந்தால் கேட்டிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் வாடை தொடங்கியது. கடலுக்குப் போக வேண்டாம் என்று வானொலியில் சொன்னார்கள். வெளியே நின்ற போட்டுகளை எல்லோரும் ஓடைக்குள் கொண்டுவந்து கட்டினார்கள். எங்கள் போட் மட்டும் வெளியே நின்று அலையில் துள்ளி மரக்குற்றியில் இடித்துக்கொண்டு இருந்தது. அப்படியே விட்டால் மறுநாள் விறகுதான். மழையில் ஓடை ஏறிக்கொண்டே வர, பாலத்துக்குக் கீழே இருந்த இடைவெளியும் குறைந்துகொண்டே வந்தது.

தம்பி ஸ்பானரோடு போராடினான். அவன் பூசிய பைபர் பசை அவனையே பார்த்துச் சிரித்தது. குழாயை அறுக்கலாம் என்றால் காற்றுக்குக் கரண்ட் போய்விட்டது. மண் மூட்டை ஏற்றினால் போட் அமுங்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஊரே அதைத்தான் கேட்டது. மண் இருந்த இடமெல்லாம் தண்ணீர், அள்ளி நிரப்பி முடிக்கும்போது பாலமே மூழ்கிவிடும். போட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் விடு என்றார் ஒருவர். விட்ட தண்ணீர் சொன்ன இடத்தில் நிற்காது, அலைக்கு ஒரு பக்கம் ஓடிப்போய்க் கவிழ்த்துவிடும் என்றான் தம்பி. அவன் கண் கலங்கி இருந்தது. மழையில் நனைந்த முகம் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

அமுங்க வேண்டும், அமுங்க வேண்டும் என்று எல்லோரும் கத்திக்கொண்டு இருந்தபோது எனக்குப் பெருநாள் ஞாபகம் வந்தது. அன்று அவன் அளந்தபோது போட்டுக்குள் யார் இருந்தது? நாங்கள் எல்லோரும்தான்! உம்மா, மூன்று சோடி, பிள்ளைகள், தேக்சா, தண்ணீர்க் கேன். வயிறு முட்டத் தின்ற புரியாணி வேறு. கம்பு பொய் சொல்லவில்லை. அவன் அளந்தது குடும்பத்தோடு சேர்ந்த போட்டை. கொண்டுவந்தது தனிப் போட்டை.

உடனே நானாவுக்கு அழைப்பு எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். "தங்கச்சி, நான் கால் வைக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனான்" என்றார். குரலில் வீறாப்பு இல்லை, மாட்டிக்கொண்டவரின் குரல்.

"கால் வைக்க வேணாம் நானா. பாரத்த வைச்சாப் போதும்."

வந்துவிட்டார். மச்சியையும் கூட்டிக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வந்தார். தம்பி மனைவியும் வந்தாள். பிள்ளைகளை அயல்வீட்டில் விட்டோம். பிள்ளைகளுக்குப் பதிலாகத் தோப்பூரில் இருந்து வந்து வீட்டில் கிடந்த அரிசி மூட்டைகளை என் வீட்டுக்காரர் முதுகில் சுமந்து ஏற்றினார். "இதுவும் மருமகன்ட வேலையா?" என்று மூச்சு வாங்கினார்.

அந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். எங்கள் மூன்று பேரையும் தவிர மற்ற எல்லோரும் ஏறினார்கள். நானா கரையில் நின்றார். தம்பி தண்ணீரில் நின்றான். மாதக் கணக்கில் முகம் பார்க்காத இரண்டு பேர். தம்பி நானாவுக்கு முன்னால் போய்த் திரும்பி நின்று முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"என்னடா?"

"ஏறுங்க. கால் வைக்காம நான் கொண்டுபோய் வைக்கிறன்."

நானா சின்ன ஆள் இல்லை. தம்பியின் முதுகில் ஏறி அவர் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்ள, அவன் தள்ளாடித் தள்ளாடிப் போய் அவரைப் பலகையில் இருத்தினான். நானா இரண்டு காலையும் தூக்கி எரிபொருள் கேனுக்கு மேலே நீட்டி வைத்துக்கொண்டார். பாலத்தின் மேலே நின்ற சனம் கை தட்டியது.

தம்பியும் ஏறிக் கயிற்றைப் பிடித்தான். கரையில் இருந்த நான் டவர் உச்சியைப் பார்த்தேன். இன்னும் ஒரு விரல் இடித்தது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கொஞ்சம் கனமான ஆள், அதைச் சொல்லி என்னைக் கேலி செய்யாதவர்கள் அந்தப் போட்டில் ஒருவரும் இல்லை. அபாயாவை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். போட் பணிவாக இறங்கியது.

"போதும்! போதும்!" என்று மேலே இருந்து சத்தம் வந்தது. என் வாழ்நாளில் என் எடைக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அது.

பாலத்தின் தூண்களைக் கையால் பிடித்துப் பிடித்து இழுத்தோம். தலையைக் குனிந்து ஒருவர் மேல் ஒருவராகச் சாய்ந்துகொண்டோம். உம்மாவின் வாயில் ஸலவாத்து. குழாய் சிமெந்தில் உரச, சுண்ணாம்பும் சிலந்தி வலையும் எங்கள் தலையில் கொட்டின. பாதியில் நின்றுவிட்டது. இருட்டு, மழைச் சத்தம், எல்லோருடைய மூச்சு. நானாதான் கத்தினார்: "எல்லாரும் முன்னுக்கு வாங்க! பின்னுக்குப் பாரம் கூடிட்டுது!" நகர்ந்தோம். என் முழங்கை என் வீட்டுக்காரரின் விலாவில் ஏறியது. போட் மெல்ல அசைந்தது.

அப்போது அந்த இருட்டுக்குள் நானாவின் குரல் தணிவாக வந்தது. "நீ அளந்தது சரிதான் தம்பி."

"நீங்க எழும்பிப் போனதுதான் பிழை நானா" என்றான் தம்பி.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. போட் முழுக்கச் சிரித்தோம். சிரிப்பில் போட் ஆட, குழாய் மறுபடி டங் என்று இடிக்க, "சிரிக்காதீங்க, கவுழப் போகுது!" என்று உம்மா சிரித்துக்கொண்டே ஏசினார். அப்படியே வெளிச்சத்துக்கு வந்துவிட்டோம். மேலே ஓட்டோவை நிறுத்திப் பார்த்துக்கொண்டு இருந்த ஒருவர், "எங்க பயணம்? பெருநாள் முடிஞ்சு கனகாலமாச்சே!" என்று கேட்டார். வீட்டுப் பின்படி கூப்பிடு தூரத்தில் இருந்தது.

அன்று உம்மா ஊற்றிய தேத்தண்ணி ஆறவில்லை.

நானா தான் சத்தியத்தை முறிக்கவில்லை என்று மார்தட்டினார். உம்மா விடவில்லை. "கால் வைக்காட்டியும் ஏறினது ஏறினதுதான் மகன். அல்லாஹ்வோட கெட்டித்தனம் காட்டாத" என்றார். மூன்று நோன்பு பிடித்தார் பாவம், பின்னேரமானால் முகம் வாடிவிடும். தம்பியும் கூடச் சேர்ந்து பிடித்தான். ஏன் என்று கேட்டதற்கு, "அவரச் சத்தியம் பண்ண வைச்சது நான்தானே" என்றான். நோன்பு திறக்க இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். உம்மா கஞ்சி காய்ச்சினார்.

மழை விட்டதும் டவர்க் கதை மறுபடி வந்தது. இந்தத் தடவை தம்பி அறுத்துவிடுவோம் என்றான். நானா, இருக்கட்டும் என்றார். சாரம் காயப்போட நல்ல வசதியாம். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வெல்டிங் கடைக்காரரும் வந்து நின்றார். ஒரு கீல் வைத்தால் டவரை மடித்துவிடலாம், ஒரே ஆள் போட்டை உள்ளே கொண்டுவரலாம் என்றார். ஆட்டம் இல்லாமல் செய்து தருவாராம். நல்ல யோசனைதான். என் வீட்டுக்காரர்கூடத் தலையாட்டினார்.

நான் கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டவர் இருக்கட்டும், கீல் வேண்டாம். ஏன் என்று கேட்டார்கள். துருப்பிடிக்கும் என்றேன்.

இப்போது சீசனில் போட் பாலத்துக்கு வெளியே நிற்கிறது. தம்பி ஓட்ட, நானா பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டு கயிற்றில் இருப்பவர் விழுந்தால் கத்துகிறார். "சூரை விழுந்துட்டுது!" என்றுதான் கத்துகிறார், நல்ல காலம், அவர்களுக்குத் தமிழ் தெரியாது. வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால் வியாழன் பின்னேரம் போட் வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு நாங்கள் எல்லோரும் பாலத்தடியில் கூடி ஏறி உட்கார வேண்டும். ஊர்ச் சனத்துக்கு அது ஒரு வேடிக்கை. போன வாரம் மச்சிக்குக் காய்ச்சல், வரவில்லை. ஓர் அரிசி மூட்டையை ஏற்றிச் சமாளித்தோம். ஆனாலும் உம்மா வழி முழுக்க அந்த மூட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வியாழனும் அந்தப் பாலத்துக்குக் கீழே தலையைக் குனியும்போது, எங்களில் ஒருவர் குறைந்தாலும் இது லேசில் வீட்டுக்கு வராது என்ற நினைப்பு எனக்குப் பயமாகவும் இருக்கிறது, பெரிய நிம்மதியாகவும் இருக்கிறது.